ஏழு கட்டம்

என்மேல் விழுந்த பழிக்குச் சரியாக ஏழு எழுத்து. கவனக்குறைவு. நம்பாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம்: க, வ, ன, க், கு, றை, வு. துறைமுகத்தின் விபத்து விசாரணை அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்து வீதம், ஏழே ஏழு கட்டங்கள். முதல் விபத்தின் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அளவெடுத்துத்தான் அந்தப் படிவத்தைத் தைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்த எல்லா விபத்துக்கும் அதே சட்டையை மாட்டிவிட்டார்கள். கயிறு அறுந்தாலும் கவனக்குறைவு, விளக்கு அணைந்தாலும் கவனக்குறைவு. ஐந்து வருஷத்தில் நாற்பத்து மூன்று விபத்து, நாற்பத்து மூன்று கவனக்குறைவு.

நான் பயணிகள் படகு ஓட்டுகிறவன். பதினாறு வருஷமாகத் துறைமுகத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நாளைக்குப் பதினெட்டு நடை. தரையில் நான் ஒன்றுக்கும் உதவாதவன். சைக்கிளில் ஏறினால் சுவர் என்னைத் தேடிவந்து மோதும். ஆனால் படகை ஜெட்டியோடு, அந்தப் பலகை இறங்குதுறையோடு, ஒட்டவைக்கும்போது, நிற்கிறவர் கையில் இருக்கும் டீ அலுங்காது. பெருமையடித்துக்கொள்கிறேன்தான். வேறு எதை வைத்து அடித்துக்கொள்வது?

அன்று செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை நடை. வேலைக்குப் போகிற கூட்டம், ஜெட்டியில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், நூற்று நாற்பது பேர். ஜெட்டிக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும்போது வழக்கம்போல ரிவர்ஸ் லீவரை இழுத்தேன். படகு பின்வாங்க வேண்டும். வாங்கவில்லை. மறுபடி இழுத்தேன். சொன்ன பேச்சு கேட்காமல் முன்னாலேயே போனது. மூன்றாவது தடவை கியர் விழுந்தது, ஆனால் அதற்குள் ஜெட்டி வந்துவிட்டது. மூன்று பலகை பெயர்ந்தது. டிக்கெட் கூண்டின் கடிகாரம் விழுந்து எட்டு நாற்பத்தொன்றில் நின்றது. ஜன்னலோரம் நின்று யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்த என் மாமியாரின் பல்செட் கடலுக்குள் போனது. இதெல்லாம் போகட்டும். முன்னால் கயிறு போட நின்றிருந்த கயிறுக்காரர், பன்னிரண்டு வருஷமாக என்னோடு அதே படகில் இருக்கிறவர், விழுந்ததில் அவருடைய வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். காலிப் படகை ஆறு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு தடவையும் லீவர் சமர்த்தாக வேலை செய்தது. அவர்களும் சமர்த்தாக ஏழு கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போனார்கள்.

அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. என் மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் குரல் தடுமாறியது.

"'மேற்படி படகு அதிவேகமாக வந்து ஜட்டியைக் கிழித்தது.' இதென்னங்க, யாரோட ஜட்டி?"

"ஜெட்டி. தட்டச்சுப் பிழை."

"'கிழிந்த ஜட்டியைத் தைக்க மூன்று பலகை தேவை' அப்படின்னு இருக்கே!" அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"லைசென்ஸ் போகப்போகுது, உனக்குச் சிரிப்பு வருதா?"

"அழுதா மட்டும் அது ஒட்டிக்குமா?" என்று சொல்லிவிட்டு, சிரித்த வாயோடேயே அழுதும் விட்டாள். விபத்திலிருந்து முப்பத்தைந்தாவது நாள் விசாரணை. அங்கே அந்த ஏழு எழுத்தும் உறுதியானால் என் லைசென்ஸ் ரத்து. தற்காலிகமாக அல்ல, ஒரேயடியாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். பேச ஆரம்பித்த வயதிலிருந்து அவள் கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. வேலையும் அதற்கேற்ற மாதிரி விசாரணை அலுவலகத்திலேயே கிடைத்துவிட்டது, கடைசி நாற்காலி என்றாலும்.

"அத்தான், உங்க ஃபைலை நான் தொடக்கூடாது. சொந்தக்காரங்க ஃபைலைத் தொட்டா என் வேலை போயிடும். அதனால நாம வேற பேசுவோம். நீங்க எப்பவாவது தப்பு பண்ணியிருக்கீங்களா?"

"நானா? பதினாறு வருஷத்துல ஒண்ணு காட்டு பாப்போம்."

"சரி. எப்பவாவது தப்பிச்சிருக்கீங்களா?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. எதிரே வந்த மணல் படகைக் ஒரு டீ கிளாஸ் இடைவெளியில் தவிர்த்ததைச் சொன்னேன். மிதந்து வந்த முழு மரத்தை முதலை என்று நினைத்து ஒதுங்கியதால் பிழைத்ததைச் சொன்னேன். மூடுபனியில் இன்னொரு படகின் ஓட்டுநர் கொட்டாவி விட்ட சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடித்ததைச் சொன்னேன். டீ ஆறியது. இரண்டாவது டீயும் ஆறியது. கடைசியாக, நாலு மாதத்துக்கு முன் வாங்கிய கைதட்டலைச் சொன்னேன். காலை நடை, முழுக் கூட்டம். ஜெட்டிக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்து, வீலை ஒடித்து, படகை அரை வட்டமாகச் சுழற்றி, ஜெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து மொத்தப் படகும் கைதட்டியது. நான் எழுந்து நின்று கும்பிடு போட்டேன்.

ஏன் அப்படி நிறுத்த வேண்டி வந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. லீவர் அன்றைக்கும் கேட்கவில்லை. என் கை வழுக்கியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லி, நானே நம்பியும் விட்டேன். பழுது இருக்கிறதென்று தெரிந்தும் சொல்லாமல் படகை எடுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். அதைவிட முக்கியம், கைதட்டல் இனித்தது.

மச்சினி அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் வாழ்நாளில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"பாத்தீங்களா அத்தான்?"

"என்னத்தை?"

"தப்பு என்னன்னு கேட்டேன், வாயைத் திறக்கல. தப்பிச்சது எப்படின்னு கேட்டேன், வாயை மூடல." அவள் எழுந்து நின்றாள். டம்ளர் உருண்டது. "அக்கா! உன் புருஷன் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு உபயோகமான காரியம் பண்ணியிருக்கார்!"

மறுநாள் அவள் தன் மேலதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அவரை எல்லாரும் முத்திரை என்றுதான் சொல்வோம். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அவருடைய வலது கை தானாக மேலே போகும். ஒரு தடவை யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையில் 'பரிசீலிக்கப்பட்டது' என்று குத்தி அனுப்பியிருக்கிறார். இருவரும் பேசியதை மச்சினி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடித்தே காட்டினாள்.

"பேர் எழுத வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

"கையெழுத்து?"

"வேண்டாம் சார்."

"அப்ப நான் எங்கம்மா முத்திரை குத்துறது?"

"குத்த வேண்டாம் சார்."

"குத்தாம அது எப்படிம்மா காகிதமாகும்?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. ஐந்து வருஷமாக ஒரே வார்த்தைக்கு முத்திரை குத்தி அவருக்கும் மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும். "ஒரு மாசம். ஒரே ஒரு பெட்டி. அதுல குப்பை விழுந்தா நீதான் அள்ளணும்" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

பெட்டி வந்தது. பழைய புகார்ப் பெட்டிக்குத்தான் புதுசாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தாள். படகுக்காரர்கள் டீ குடிக்கிற அறையில், வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அதன் கீழே அரைத்தாள் படிவங்கள். தலைப்பு: தப்பிச்ச கதை. கீழே மூன்றே வரி. பேர் வேண்டாம். என்ன ஆச்சு? எப்படித் தப்பிச்சீங்க? அதற்குப் பிறகு கோடுகள்தான். ஒரு கட்டம்கூட இல்லை.

முதல் வாரம் பெட்டியில் கிடந்தவை ஒரு மிட்டாய்க் காகிதம், ஒரு சட்டைப் பொத்தான். முத்திரை எட்டிப் பார்த்து, "பொத்தான் எப்படித் தப்பிச்சதுன்னு விசாரி" என்றாராம். இரண்டாவது வாரம் ஒரு தாள் விழுந்தது. இழுவைப் படகுக்காரர் ஒருவர், கரையில் எரிந்த விளம்பரப் பலகையைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து அதை நோக்கியே அரைமணி நேரம் போனதை எழுதியிருந்தார். 'பல்பொடி விளம்பரம் என்று படிக்க முடிந்தபோதுதான் சந்தேகம் வந்தது' என்று முடித்திருந்தார்.

மச்சினி அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதுதான் வினை. டீ அறையில் அதைப் படித்தவர்கள் ஒவ்வொருத்தரும், "இதெல்லாம் ஒரு தப்பிக்கிறதா? எனக்கு நடந்ததைக் கேட்டா இவன் மயங்கி விழுந்துடுவான்" என்றார்கள். சொன்னதோடு விடாமல் எழுதவும் ஆரம்பித்தார்கள். அடுத்த நாள் ஒன்பது தாள். அதற்கடுத்த நாள் இருபத்தாறு. பேனாவை நூல் போட்டுக் கட்டி வைத்தாள், நூலோடு பேனா போனது. கூடுதல் தாள் கேட்டுச் சண்டை வந்தது. ஒருவர் தன் கதையை மூன்று பாகமாகப் போட்டார், முதல் பாகத்தில் படகே கிளம்பவில்லை. இன்னொருவர், 'வீட்டில் என் மனைவியிடமிருந்து தப்பியதையும் எழுதலாமா, அதுவும் தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான்' என்று கேட்டிருந்தார். பெட்டி நிரம்பி, பூட்டு பிதுங்கி, நாலாவது வாரத்தில் இருநூற்றுப் பதினொரு தாள்.

பேர் தெரியக்கூடாது என்பதால் தாள்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை சாயந்திரம் அவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். செருப்பை ஒரு காலில் கழற்றினாள், இன்னொன்றை மறந்துவிட்டாள்.

"அத்தான், பன்னிரண்டு! பன்னிரண்டு தாள் ஒரே மாதிரி! அஞ்சு படகு, பன்னிரண்டு பேர். எல்லாருமே காலை நடை. எல்லாமே முழுக் கூட்டம். ஜெட்டி கிட்ட வரும்போது ரிவர்ஸ் லீவர் கேக்கல! ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம, எல்லாரும் தன் கை வழுக்கினதா நெனச்சிருக்காங்க!"

என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். மாமியார் பல் இல்லாத வாயால் ஏதோ கத்தினார். 'அப்பவே சொன்னேன்' என்று இருக்க வேண்டும். நானும் குதித்தேன். குதித்ததில் ஒரு கால் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தரைக்கு வந்தது, ஏனென்றால் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்னுடையது. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதிப் போட்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் இடது கை எழுத்து, அத்தான்" என்றாள் மச்சினி. "கைதட்டினாங்கன்னு வேற எழுதியிருக்கு. யாரா இருக்கும்?"

"கயிறுக்காரரா இருக்கும். அவருக்குத்தானே வலது கை கட்டுல இருக்கு?" என்றேன். நாக்கு அவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "யாரா இருந்தாலும் நான் கேக்கமாட்டேன். பேர் வேண்டாம்னு நான்தானே அச்சடிச்சேன்?" என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பைக் கழற்றினாள்.

அடுத்து மச்சினி கேட்டது எளிமையான கேள்வி. காலிப் படகில் ஆறு தடவை சோதித்தீர்களே, ஒரு தடவையாவது கூட்டத்தோடு சோதித்தீர்களா? முத்திரை முதலில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு நிபந்தனை போட்டார். எந்த ஜெட்டியும் பக்கத்தில் இருக்கக்கூடாது, நடுக்கடலில் செய்ய வேண்டும், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், லீவர் அவர் கையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை நடைக்காரர்கள் வந்தார்கள். விடுமுறையை விட்டுவிட்டு, நூற்று நாற்பதுக்கு நூற்று அறுபத்திரண்டு பேர். தினமும் பார்த்தும் பேசிக்கொள்ளாத முகங்களெல்லாம் ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டன. இருபத்திரண்டு பேரைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினோம். மாமியார் புதுப் பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கையில் கட்டோடு கயிறுக்காரரும் வந்து தன் பழைய இடத்தில் நின்றார்.

துறைமுகத்தின் நடுவே படகு மெதுவாக முன்னால் நகர்ந்தது. மச்சினி ஒலிபெருக்கியை எடுத்தாள். "மணி அடிச்சதும் ஜெட்டி வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு, தினமும் பண்றதைப் பண்ணுங்க!"

மணி அடித்தேன். அப்புறம் நடந்ததை என் பதினாறு வருஷ அனுபவத்தில் பார்த்ததில்லை.

"நீங்க முன்னாடி போங்க."

"ஐயோ, பரவாயில்லை, நீங்க போங்க."

"வயசானவங்களுக்கு வழி விடுங்கப்பா."

அதிகாரி பார்க்கிறார் என்றதும் நூற்று நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் நாகரிகம் வந்துவிட்டது. என் காலைத் தினமும் மிதிக்கிற கனத்த ஆசாமி, என் மாமியாருக்குக் கை கொடுத்து நகர்த்திவிட்டார். முத்திரை லீவரை இழுத்தார். கியர் அழகாக விழுந்தது. மறுபடி மணி, மறுபடி மரியாதை, மறுபடி கியர். மூன்றாவது தடவையும் அப்படியே. எனக்கு அழுகை முட்டியது. ஒழுங்கீனத்துக்காக நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முத்திரை பேனாவின் மூடியைத் திறந்தார். அப்போது மச்சினி ஒலிபெருக்கியில் அலறினாள்: "பஸ் கிளம்பிடுச்சு! இன்னும் நிக்கிறது ஒரே ஒரு பஸ்தான்!"

நடுக்கடலில் ஏது பஸ்? யோசிக்க யாருக்கும் நேரமில்லை. உடம்பு பழகியபடி நடந்துகொண்டது. நூற்று நாற்பது பேரும் முன்வாசலை நோக்கி ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். கனத்த ஆசாமி என் காலை மிதித்தார். மாமியார் முழங்கையால் இரண்டு பேரைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். முத்திரை லீவரை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். படகு நிதானமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"கேக்கல," என்றார் முத்திரை மெதுவாக. பிறகு அவருடைய கண்ணாடி எகிற, "கேக்கலய்யா! கேக்கவே இல்ல!" என்று கத்தினார்.

"கேக்கல! கேக்கல!" என்று படகே ஆடியது. பழுதுக்கு இப்படி ஒரு வரவேற்பு எங்கேயும் கிடைத்திருக்காது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மச்சினி ஒலிபெருக்கிக்குள் விசிலடித்தாள். மாமியார் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சிரிப்பதற்காகவே சிரித்தார். கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் முன்வாசல் தரைத்தகட்டைக் கழற்றினார். லீவரிலிருந்து கியருக்குப் போகிற கம்பி அதன் அடியில்தான் ஓடியது. எல்லாரும் இறங்க முண்டியடிக்கும்போது தகடு வளைந்து கம்பியை நசுக்கியிருக்கிறது. இறங்கியதும் தகடு நிமிர்ந்துகொள்ளும், கம்பியும் யோக்கியமாகிவிடும். ஐந்து படகும் ஒரே பட்டறையில் கட்டியவை. நசுங்கி நசுங்கி அந்த இடம் மட்டும் பளபளத்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நீள மேசை. ஒரு பக்கம் முத்திரை, எதிரே நான், பக்கத்தில் சாட்சியாகக் கயிறுக்காரர். சுவரோரம் மனைவி, மச்சினி, மாமியார். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பழைய அறிக்கையின் குறுக்கே முத்திரை தன் கையாலேயே கோடு போட்டார். ஏழு எழுத்தும் போயிற்று. மனைவி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"ஒரே ஒரு கேள்வி, சம்பிரதாயத்துக்கு," என்றார் முத்திரை, என் லைசென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டே. "விபத்துக்கு முன்னாடி, இந்த லீவர் மக்கர் பண்றது உங்களுக்குத் தெரியாதில்ல?"

கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. 'தெரியாது' என்று சொல்ல வேண்டும், கையை நீட்ட வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். யாராலும் நிரூபிக்க முடியாது. பேர் இல்லை, கையெழுத்து இல்லை, எழுத்துக்கூட இடது கை எழுத்து. நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் கயிறுக்காரர் கட்டுக்குள் சொறிய முடியாமல் ஒரு ஸ்கேலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இந்த ஐந்து வாரத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கை உடைவதற்கு நாலு மாதம் முன்னாலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல் கும்பிடு போட்டேன்.

"தெரியும் சார்," என்றேன். "அந்த இடது கை தாள் என்னோடது. அன்னைக்குக் கைதட்டினாங்க. அதுல மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன், மறக்கல. முதல்ல கைதட்டல் இனிச்சுதுன்னு சொல்லல, விபத்துக்கு அப்புறம் லைசென்ஸ் போயிடும்னு சொல்லல."

மச்சினி கண்ணை மூடிக்கொண்டாள். முத்திரை லைசென்ஸை மேசையில் வைத்தார். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு பழைய படிவத்தை உருவி, பேனாவோடு என் பக்கம் தள்ளினார்.

"காரணம். நீங்களே எழுதுங்க."

ஏழு கட்டம். எழுதினேன். நா. ன். ஒரு கட்டம் விட்டேன். சொ. ல். ல. ல.

நான் சொல்லல. சரியாக ஏழு கட்டம், நடுவில் ஒன்று காலி. முத்திரை விரலால் எண்ணினார். ஐந்து வருஷத்தில் அந்தக் கட்டங்களில் வேறொரு காரணம் பொருந்துவதை அவர் அப்போதுதான் பார்க்கிறார்.

"சார்," என்றார் கயிறுக்காரர். "எனக்கும் ஒரு ஃபாரம்."

"உங்களுக்கு எதுக்கு?"

"அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். இவர் லீவரை மூணு தடவை இழுத்ததைப் பாத்தேன். பாத்துட்டு நானும் கைதட்டினேன்."

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். நா, னு, ம், சொ, ல், ல, ல. இடைவெளி விட இடமில்லை. ஏழு கட்டமும் நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, சிரித்ததில் கட்டுக் கை ஆடி "ஆ" என்றார். விசாரணை மேசையில் தலை வைத்து நாங்கள் இருவரும் சிரித்தோம். என் கண்ணிலிருந்து வழிந்தது சிரிப்பினால் மட்டும் இல்லை.

முத்திரை முத்திரையை எடுத்தார். இரண்டு தாளுக்கும் நடுவே அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு குத்தாமலே கீழே வைத்துவிட்டார். எனக்கு மூன்று மாதம் படகு கிடையாது என்று எழுதினார். ரத்து என்று எழுதவில்லை. அந்த மூன்று மாதமும் நான் மஞ்சள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்கள் தப்பித்த கதைகளை எழுதிக் கொடுத்தேன். மரத்தை முதலை என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்குக் காலை மறுபடி வீலைப் பிடித்தேன். எட்டரை நடை, முழுக் கூட்டம். தரைத்தகடு புதுசு, கம்பி மேல்வழியாக ஓடுகிறது. முன்னால் கயிறுக்காரர், வலது கையில் கயிறு. ஜெட்டிக்கு நாற்பது அடியில் மணி அடித்தேன். எல்லாரும் வழக்கம்போல முண்டியடித்தார்கள். லீவரை இழுத்தேன். இழுத்த இழுப்பிலேயே கியர் விழுந்தது. படகு பின்வாங்கி, மெல்லப் பக்கம் திரும்பி, ஜெட்டியோடு ஒட்டி நின்றது.

ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர்கூடக் கைதட்டவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.